நக்கீரர் இல்லாத சபை

பேரையூரிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறிப் படிக்கப் போகும் பிள்ளைகள் இன்று ஏராளம். ஒரு காலத்தில் பத்தாவது தேறினாலே அது பெரிய படிப்பு. இப்போது பி.ஏ., எம்.எஸ்ஸி. எல்லாம் தாண்டி, டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளும் இந்தக் கரிசல் காட்டுக் குடும்பங்களிலிருந்து புறப்பட்டிருக்கிறார்கள். "டாக்டருக்குப் படிக்கிறாள்" என்று சொன்னால், ஊசி போடும் டாக்டர் என்றே அக்கம்பக்கத்தார் எண்ணிக் கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு என்று விளக்குவதற்குள் பெற்ற தாய்க்குப் போதும் போதும் என்றாகி விடுகிறது.

அந்தத் தாய்க்கே ஒரு சந்தேகம் உண்டு.

"ஏத்தா, உன் படிப்பு எப்பத்தான் முடியும்?"

"கட்டுரை இன்னும் வரலம்மா."

"அதான் எழுதி முடிச்சுட்டேன்னியே?"

"எழுதினாப் போதாதும்மா. அச்சுல வரணும்."

எழுதிய கட்டுரை அச்சில் வருவதற்கு ஏன் ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டு ஆக வேண்டும்? காசு கொடுத்தால் கலியாணப் பத்திரிகை ஒரே நாளில் அச்சாகிறதே! தாயின் இந்தக் கேள்வி நியாயமானதுதான். காசு கொடுத்தால் ஆராய்ச்சிக் கட்டுரையையும் ஒரே வாரத்தில் அச்சடித்துத் தருகிறோம் என்று சொல்லும் கூட்டம் ஒன்று கிளம்பியிருப்பதால், இந்தக் கேள்வி இன்று நாட்டுக்கே பெரிய கேள்வியாகி விட்டது.

மதுரை அறிந்த கதை

ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிடுவதற்கென்றே தனிப் பத்திரிகைகள் இருக்கின்றன. கதை, சினிமாச் செய்தி எதுவும் அவற்றில் இராது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர், தாம் கண்டது என்ன, எப்படிக் கண்டார், அதற்குச் சான்று என்ன என்று எழுதி அனுப்புகிறார். பத்திரிகாசிரியர் அதை உடனே அச்சுக்குக் கொடுப்பதில்லை. அதே துறையில் தேர்ந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்பி, "இது சரியா, பாருங்கள்" என்கிறார். அவர்கள் பார்த்துக் குற்றம் குறை சொன்ன பிறகே கட்டுரையின் தலைவிதி முடிவாகிறது. இதைச் சக நிபுணர் பரிசீலனை என்று சொல்லலாம்.

மதுரைக்காரர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. நக்கீரர் செய்தது இதுதானே? பாண்டியன் சந்தேகம் தீர்க்கும் பாட்டுக்குப் பொற்கிழி அறிவித்தான். ஏழைத் தருமி ஒரு பாட்டைக் கொண்டு வந்தான். கிழியை அறுக்கப் போகும் நேரத்தில் நக்கீரர் எழுந்து, பாட்டில் பொருட்குற்றம் இருக்கிறது என்றார். தருமியால் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் பாட்டு அவன் எழுதியது அல்ல. எழுதிய சிவபெருமானே நேரில் வந்தபோதும், நெற்றிக் கண்ணைத் திறந்து காட்டியபோதும், குற்றம் குற்றமே என்று புலவர் நின்றார். திருவிளையாடல் கதைகளில் இதை அறியாத வீடு மதுரைச் சீமையில் இல்லை.

பாட்டு நல்ல பாட்டா, நக்கீரர் சொன்னது சரியா என்பது வேறு வழக்கு. இங்கே கவனிக்க வேண்டியது சபையின் முறை. பரிசு உண்டு, பரிசுக்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு, கேள்விக்கு எழுதியவரே பதில் சொல்ல வேண்டும். இன்றைய ஆராய்ச்சிப் பத்திரிகைகளின் முறையும் ஏறக்குறைய இதுதான். ஒரு வித்தியாசம்: நக்கீரர் சபையில் எழுந்து நின்று முகத்துக்கு நேரே சொன்னார். இப்போதைய பரிசீலகர் பெரும்பாலும் தம் பெயரை வெளியிடுவதில்லை. பெயர் தெரியாததால்தான் பெரிய மனிதரின் கட்டுரையிலும் பயமின்றிக் குறை சொல்ல முடிகிறது.

இந்த வேலைக்குப் பெரும்பாலும் சம்பளம் இல்லை என்பது பலருக்கும் தெரியாது. ஒரு கட்டுரையைப் படித்து, கணக்கைச் சரிபார்த்து, இரண்டு பக்கம் எழுதி அனுப்பப் பல மணி நேரம் பிடிக்கும். "இன்று நான் உன் கட்டுரையைப் பார்க்கிறேன், நாளை என் கட்டுரையை வேறொருவர் பார்ப்பார்" என்ற நம்பிக்கையில் நடக்கும் காரியம் இது. மொய் எழுதுவது போலத்தான்!

பருத்தி வியாபாரி மூட்டையின் வாயைப் பார்த்து விலை பேசுவதில்லை. கையை உள்ளே விட்டு, நடு மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்க்கிறார். மேலே வெள்ளையாக இருந்தாலும் அடியில் ஈரமும் தூசியும் இருக்கலாம் அல்லவா? பரிசீலகரின் வேலையும் கையை உள்ளே விடுவதுதான்.

ராமானுஜனுக்கும் திருத்தம்

உலகம் போற்றும் கணித மேதை சீனிவாச ராமானுஜன், ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கல்லூரித் தேர்வில் தவறி, வேலையின்றித் திரிந்த காலத்தில், 1911-ம் ஆண்டு, இந்தியக் கணிதச் சங்கத்தின் பத்திரிகைக்குத் தம் முதல் கட்டுரையை அனுப்பினார். பெர்னூலி எண்கள் என்ற கணக்கைப் பற்றியது அது. பத்திரிகாசிரியர் பெங்களூரிலிருந்த எம்.டி. நாராயண ஐயங்கார். கட்டுரையில் புதுமை இருந்தது. ஆனால் மற்றவர்களுக்கு விளங்கும்படி எழுதப்படவில்லை. ராமானுஜன் தமக்குத் தெரிந்ததை எல்லாம் பிறருக்கும் தெரியும் என்று எண்ணிப் படிகளைத் தாவித் தாவிச் சென்றிருந்தார். கட்டுரை ஆசிரியரிடமிருந்து அவருக்கும், அவரிடமிருந்து ஆசிரியருக்கும் போய் வந்து போய் வந்து, கடைசியில் அச்சேறியது.

நாராயண ஐயங்கார் "விளங்கவில்லை" என்று குப்பைக் கூடையில் போட்டிருக்கலாம். "யாரோ மேதை போலிருக்கிறது" என்று அப்படியே அச்சிட்டும் இருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை.

அதே ஆண்டில் அதே பத்திரிகையில் ராமானுஜன் வாசகர்களுக்கு ஒரு கணக்கும் போட்டார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று முடிவில்லாமல் நீளும் கணக்கு. பல மாதம் காத்திருந்தும் யாரும் விடை அனுப்பவில்லை. பிறகு அவரே விடையைச் சொன்னார். விடை வெறும் 3!

1913-ம் ஆண்டு ஜனவரியில் அவர் இங்கிலாந்துக்கு எழுதிய கடிதமும் ஒருவகைப் பரிசீலனைக்குத்தான் சென்றது. அதற்கு முன் கேம்பிரிட்ஜ் பேராசிரியர்கள் இருவர் அவருக்குக் கைகொடுக்கவில்லை. மூன்றாமவரான ஹார்டி, தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். இது மோசடிக்காரன் எழுத்தல்ல, மேதையின் எழுத்து என்று முடிவு கட்டினார். பரிசீலகர் சரியாக அமையாவிட்டால் நல்ல சரக்கும் திரும்பி வந்து விடும் என்பதற்கு அந்த முதல் இருவரே சாட்சி.

ஐன்ஸ்டீனின் கோபம்

இன்னொரு கதை இதை விடச் சுவையானது. 1936-ம் ஆண்டு, உலகப் புகழின் உச்சியில் இருந்த ஐன்ஸ்டீன், அமெரிக்காவில் ஒரு பௌதிகப் பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பினார். அண்டவெளியில் ஈர்ப்பு அலைகள் என்பவை கிடையாது என்பது அக்கட்டுரையின் முடிவு. பத்திரிகாசிரியர் ஜான் டேட், வழக்கப்படி அதை ஒரு நிபுணரின் பார்வைக்கு அனுப்பினார். நிபுணர் பத்துப் பக்கத்துக்குக் குறிப்பு எழுதி, கணக்கில் தவறு இருக்கிறது என்றார்.

ஐன்ஸ்டீனுக்கு வந்ததே கோபம்! ஜெர்மனியில் இருந்தவரை இந்த வழக்கத்துக்கு அவர் பழகவில்லை. அச்சிடத்தான் அனுப்பினேனே தவிர, யாரிடமும் காட்டச் சொல்லி அனுப்பவில்லை என்ற பொருளில் பதில் எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக் கொண்டார். ஆனால் அடுத்த ஆண்டு அதே கட்டுரை வேறு பத்திரிகையில் வந்தபோது அதன் முடிவு மாறியிருந்தது. தவறு உண்மையிலேயே இருந்தது. குறை சொன்ன நிபுணர், ஐன்ஸ்டீன் வசித்த அதே பிரின்ஸ்டன் நகரத்து ராபர்ட்ஸன். அவர் ஐன்ஸ்டீனின் உதவியாளரிடம் பக்குவமாகப் பேசித் தவறைப் புரிய வைத்திருந்தார். அந்தப் பெயர் தெரியாத பரிசீலகர் அவர்தான் என்று உறுதியானது சுமார் 70 ஆண்டுகள் கழித்து! கிடையாது என்று முதலில் எழுதப்பட்ட ஈர்ப்பு அலைகளை, 2015-ம் ஆண்டு விஞ்ஞானிகள் கருவி வைத்தே பிடித்து விட்டார்கள்.

அமெரிக்காவிலேயே இன்னொரு பெரும் பத்திரிகையின் ஆசிரியர் நாற்காலியில், 1952 முதல் 1971 வரை 19 ஆண்டுகள் ஒரு தமிழர் உட்கார்ந்திருந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். சந்திரசேகர்தான் அவர். வான பௌதிகத்துக்கான அந்தப் பத்திரிகையில் உலகத்து வானியல் நிபுணர்கள் எழுதியவை எல்லாம் அவர் மேசைக்கு வந்துதான் போயின. 1983-ல் நோபல் பரிசு பெற்ற அவர், தம் சொந்த ஆராய்ச்சிக்கு நடுவிலேயே இந்த வேலையையும் இழுத்துப் போட்டுக் கொண்டு செய்தார்.

சமணர் மலை வௌவால்கள்

வெளிநாட்டுக் கதை எதற்கு, உள்ளூரிலேயே ஒன்று இருக்கிறது. பேரையூரிலிருந்து உசிலம்பட்டி வழியாக மதுரைக்குப் போகிறவர்கள், தேனி சாலையில் மதுரை காமராஜர் பல்கலைக் கழகத்தைக் கடந்து செல்கிறார்கள். 1966-ல் தொடங்கப்பட்டது அந்தப் பல்கலைக் கழகம். அதற்குச் சற்றுத் தள்ளி, கீழக்குயில்குடியில் சமணர் மலை. அந்த மலைப் பக்கத்துக் குகையில் வௌவால்கள் உண்டு.

பல்கலைக் கழகத்தில் பணியாற்றிய எம்.கே. சந்திரசேகரன் என்ற விஞ்ஞானியும் அவருடைய மாணவர்களும் அந்தக் குகைக்குள் போய் உட்கார்ந்தார்கள். வெளிச்சமே எட்டாத இருட்டில் இருக்கும் வௌவாலுக்கு, வெளியே பொழுது சாய்ந்தது எப்படித் தெரிகிறது? ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்துக் குகையின் உள்ளேயே வைத்துப் பார்த்தார்கள். மற்ற வௌவால்கள் இரை தேடிப் புறப்படும் நேரத்தில் கூண்டிலிருந்ததும் விழித்துச் சிறகடித்தது. வௌவால்களே இல்லாத குகையில் தனியாக வைத்தபோது, அதன் நேரக் கணக்கு நாளுக்கு நாள் பிசகியது. கூட்டத்தாரின் நடமாட்டமே அதற்குக் கடிகாரம் என்று தெரிந்தது. இந்த ஆராய்ச்சி 1981-ல் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வெளியானது.

இப்படி ஒரு கட்டுரை வந்தால் பரிசீலகர் என்ன கேட்பார்? குகையில் சிறிதும் வெளிச்சம் வரவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி? சூடு, குளிர் மாறுவதை வைத்து வௌவால் நேரம் அறிந்திருக்கக் கூடாதா? ஒரு வௌவாலைப் பார்த்துச் சொல்கிறீர்களா, பலவற்றைப் பார்த்தா? குகைக்குள் இரவு பகலாகக் கிடந்தவர் இக்கேள்விகளுக்குப் பதில் சொல்லி விடுவார். வௌவாலையே பார்க்காதவர் என்ன சொல்வார்? தருமி விழித்தது போல விழிக்க வேண்டியதுதான்.

சந்தை பிறந்தது

அப்படி விழிக்க வேண்டிய அவசியமே இல்லாத பத்திரிகைகள் பின்னால் முளைத்தன. இதற்கு வித்திட்டது, நல்ல எண்ணத்துடன் போட்ட ஒரு விதி.

பல்கலைக் கழக மானியக் குழுவின் 2016-ம் ஆண்டு விதிப்படி, டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் ஒரு கட்டுரையாவது ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளிவந்திருக்க வேண்டும். ஆசிரியர் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரைகளை எண்ணி மதிப்பெண் போடும் வழக்கமும் வந்து விட்டது. எண்ணுவது சுலபம், படித்துப் பார்ப்பது கஷ்டம். ஆகவே அதிகாரிகள் எண்ணினார்கள். எண்ணிக்கைக்குக் கிராக்கி ஏற்பட்டதும் கடை விரிக்க ஆட்கள் வந்தார்கள். இணையதளம் வந்த பிறகு, அச்சு இயந்திரமோ காகிதமோகூடத் தேவைப்படவில்லை. "சர்வதேச" என்று ஒரு பெயர், ஒரு மின்னஞ்சல் முகவரி, பணம் கட்ட ஒரு வங்கிக் கணக்கு. பத்திரிகை தயார்!

இவர்களின் கடிதம் தேன் ஒழுகும். "பெருமதிப்புக்குரிய பேராசிரியரே" என்று தொடங்கும். பெற்றுக் கொள்பவர் முதலாண்டு மாணவராக இருப்பார்! மூன்று நாளில் பரிசீலனை முடியும் என்று உறுதி தரும். ஏழு நாளில் கட்டுரை வந்து விடும். சில ஆயிரம் ரூபாய் செலுத்தினால் போதும். பிரபலமான பத்திரிகையின் பெயரையும் அட்டையையும் அப்படியே திருடி, போலி இணையதளம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே பணம் கட்டியவர், தம் கட்டுரை அசல் பத்திரிகையில் வந்து விட்டதாகவே நம்பிக் கொண்டிருப்பார்.

2013-ம் ஆண்டு ஜான் பொஹானன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒரு சோதனை நடத்தினார். கற்பாசி இனத்திலிருந்து எடுத்த ஒரு ரசாயனம் புற்றுநோயை அடக்குகிறது என்று ஒரு பொய்க் கட்டுரை எழுதினார். குழம்பில் போடுகிறோமே, அந்தக் கற்பாசியின் இனம்தான். துறை தெரிந்த எவரும் பார்த்தவுடன் கண்டுபிடிக்கும் பிழைகளை வேண்டுமென்றே அதில் வைத்தார். இல்லாத மனிதர்களின் பெயரில், இல்லாத நிறுவனங்களின் முகவரியிட்டு, எழுதுவோரிடம் கட்டணம் வாங்கும் 304 பத்திரிகைகளுக்கு அனுப்பினார். 157 பத்திரிகைகள் ஏற்றுக் கொண்டன! 98 மட்டுமே மறுத்தன. இந்தியாவிலிருந்து நடந்த பத்திரிகைகளில் ஏற்றவை 64, மறுத்தவை 15. இந்தக் கணக்கைப் படித்தபோது நம் நாட்டு அறிஞர்கள் தலைகுனிந்தார்கள்.

ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் என்ற பிரசுர நிறுவனத்தின் மீது அமெரிக்க சர்க்காரின் வர்த்தகக் கமிஷன் வழக்குத் தொடுத்தது. பரிசீலனை நடப்பதாகப் பொய் சொன்னது, கட்டணத்தை முன்கூட்டிச் சொல்லாமல் மறைத்தது என்பவை குற்றச்சாட்டுகள். 2019-ம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்தும்படி அந்த நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அன்றைய மதிப்பில் சுமார் 350 கோடி ரூபாய்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லி விட வேண்டும். பணம் வாங்கும் பத்திரிகை எல்லாம் போலி அல்ல. சில நல்ல பத்திரிகைகள் படிப்பவரிடம் சந்தா வாங்குகின்றன. சில நல்ல பத்திரிகைகள் படிப்பவருக்கு இலவசமாகக் கொடுத்து, எழுதுபவரிடம் கட்டணம் வாங்குகின்றன. அந்தக் கட்டணம் சில இடங்களில் லட்சக்கணக்கில்கூட இருக்கும். சி.வி. ராமன் 1934-ல் பெங்களூரில் நிறுவிய இந்திய விஞ்ஞான அகாடமியின் பத்திரிகைகளைப் போல, எழுதுபவரிடமும் பணம் கேட்காமல் படிப்பவருக்கும் இலவசமாகத் தருபவையும் உண்டு. ஆகவே கேட்க வேண்டியது, யார் பரிசீலித்தார் என்பதுதான்.

மருந்து சாப்பிடும் வீட்டுக்கு

"யாரோ பட்டத்துக்காக எழுதுகிறார்கள், நமக்கு என்ன?" என்று இருந்து விட முடியாது. டாக்டர் எழுதித் தரும் மருந்து, பயிருக்குத் தெளிக்கும் மருந்து, குழந்தைக்குப் போடும் தடுப்பூசி எல்லாவற்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு கட்டுரை இருக்கிறது.

நல்ல பத்திரிகையும் ஏமாறும். 1998-ம் ஆண்டு லண்டனின் புகழ் பெற்ற வைத்தியப் பத்திரிகையான லான்செட்டில் வேக்ஃபீல்ட் என்ற டாக்டர் ஒரு கட்டுரை எழுதினார். வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. தட்டம்மை முதலிய நோய்களுக்குப் போடும் தடுப்பூசிக்கும் ஆட்டிசம் என்ற குறைபாட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அது பீதி கிளப்பியது. பல பெற்றோர் தங்கள் குழந்தைகளுக்கு ஊசி போடாமல் விட்டார்கள். கட்டுரை மோசமானது என்று நிரூபணமாகி, 2010-ல் பத்திரிகை அதை வாபஸ் பெற்றது. வேக்ஃபீல்டின் வைத்தியப் பதிவும் ரத்தாயிற்று. வாபஸ் பெறப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின! இடையில் அம்மை பரவியதற்கு யார் பொறுப்பு?

பரிசீலனை இருந்தும் இப்படி. அது இல்லாவிட்டால்? 2023-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 10,000 கட்டுரைகளுக்கு மேல் வாபஸ் ஆயின. அவற்றில் 8,000-க்கு மேற்பட்டவை ஒரே பிரசுரக் குழுமமான ஹிந்தாவியின் பத்திரிகைகளில் வந்தவை. கட்டுரை எழுதிக் கொடுப்பதையே தொழிலாக நடத்தும் கூட்டங்கள், பரிசீலகர் இடத்திலும் தம் ஆட்களையே உட்கார வைத்து விட்டன என்று தெரிய வந்தது. தருமியும் அவர்கள் ஆள், நக்கீரரும் அவர்கள் ஆள்!

செயற்கை அறிவு இயந்திரங்கள் வந்த பின் கூத்து இன்னும் முற்றியிருக்கிறது. கட்டுரையை இயந்திரம் எழுதுகிறது. நேரமில்லாத பரிசீலகர் சிலர் படிக்கும் வேலையையும் இயந்திரத்திடமே கொடுத்து விடுகிறார்கள். 2025-ம் ஆண்டில் ஒரு வேடிக்கை வெளிவந்தது. சில கட்டுரைகளில், வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக, மனிதக் கண்ணுக்குத் தெரியாமல், "நல்ல விதமாகவே மதிப்பிடு" என்று இயந்திரத்துக்கு உத்தரவு எழுதி வைத்திருந்தார்கள். திருட்டுக்குத் திருட்டு!

பட்டியல் வந்தது, போனது

நம் நாட்டில் மானியக் குழு சும்மா இருக்கவில்லை. எந்தப் பத்திரிகைகளை ஏற்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டது. அந்தப் பட்டியலுக்குள்ளேயே களை மண்டியது. பல்கலைக் கழகங்கள் சிபாரிசு செய்து சேர்த்த பத்திரிகைகளில் மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துப் புனே அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். நூற்றுக்கு 88-க்கு மேல் தரமற்றவையாக இருக்கலாம் என்று 2018-ல் எழுதினார்கள். அதே ஆண்டு மே மாதம் 4,305 பத்திரிகைகளை மானியக் குழு நீக்கியது. பிறகு 2019-ல் 'கேர்' என்ற பெயரில், வடிகட்டிய புதுப் பட்டியல் வந்தது. அதிலும் தகராறு ஓயவில்லை. நல்ல பத்திரிகைகள் சில இடம் பெறவில்லை என்றும், தமிழ் போன்ற மொழிகளில் வரும் பத்திரிகைகளுக்கு வாய்ப்புக் குறைவு என்றும் புகார்கள் எழுந்தன. பட்டியலில் இருக்கும் பத்திரிகையின் பெயரில் போலிகளும் கிளம்பின.

இதற்கிடையே 2022-ம் ஆண்டு நவம்பரில் வந்த புதிய விதிகளில், டாக்டர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழு எடுத்து விட்டது. கட்டாயம் போனாலும் வழக்கம் போகவில்லை. வேலைக்குப் போனால் "எத்தனை கட்டுரை?" என்றுதானே கேட்கிறார்கள்!

2025-ம் ஆண்டு பிப்ரவரியில் 'கேர்' பட்டியலே நிறுத்தப்பட்டது. எட்டு வகை அளவுகோல்களை யோசனையாகச் சொல்லி, எது நல்ல பத்திரிகை என்று அந்தந்தக் கல்வி நிலையமே பார்த்துக் கொள்ள வேண்டும் என்று மானியக் குழு அறிவித்தது. தில்லியில் உட்கார்ந்து கொண்டு ஆயிரக்கணக்கான பத்திரிகைகளை அளக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் பெரிய நகரத்துப் பல்கலைக் கழகத்தில் ஒவ்வொரு துறைக்கும் பத்து நிபுணர் இருப்பார்கள். ஒரு துறைக்கு மூன்று ஆசிரியர்களே உள்ள சிறிய கல்லூரியில் யார் உட்கார்ந்து அளப்பது? ஒரு கல்லூரி ஏற்கும் பத்திரிகையைப் பக்கத்துக் கல்லூரி ஏற்க மறுத்தால், நடுவில் மாட்டிக் கொள்பவர் மாணவர். அவர் வீட்டில் வழிகாட்டப் படித்தவர் யாரும் இல்லை என்றால், தேன் ஒழுகும் கடிதம்தான் அவருக்கு வழிகாட்டி ஆகி விடும். பட்டியல் எப்படி இருந்தாலும், முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அது ஒரு கைத்தடியாக இருந்தது. தடியைப் பிடுங்கியவர்கள் கையைப் பிடிக்க ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

பாவம் செய்தவருக்குத் தண்டனையும் வரத் தொடங்கியிருக்கிறது. கல்வி நிலையங்களை வரிசைப்படுத்தும் மத்திய சர்க்காரின் 2025-ம் ஆண்டுத் தரவரிசையில், வாபஸ் ஆன கட்டுரைகளுக்காக மதிப்பெண்ணைக் குறைக்கும் முறை சேர்க்கப்பட்டது. எண்ணிக் கொண்டே போனவர்களுக்கு முதல் தடவையாகக் கழித்தலும் வந்தது.

நல்ல பத்திரிகையை அடையாளம் காண்பதற்கு முதலில் நல்ல பத்திரிகையைப் படித்திருக்க வேண்டும். அதன் சந்தாவோ யானை விலை. இதற்காக மத்திய சர்க்கார் 2024-ம் ஆண்டு நவம்பரில் 'ஒரே நாடு, ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பிரசுர நிறுவனங்களின் சுமார் 13,000 பத்திரிகைகளை, சர்க்கார் நிர்வாகத்திலுள்ள 6,300 கல்வி, ஆராய்ச்சி நிலையங்களில் இருப்பவர்கள் தனிக் கட்டணம் இல்லாமல் படிக்கலாம். தனியார் கல்லூரிப் பிள்ளைகள் இந்த முதல் கட்டத்தில் சேரவில்லை. பேரையூர்ப் பக்கத்துப் பிள்ளை சர்க்கார் கல்லூரியில் இருந்தால் சமணர் மலை வௌவால் கட்டுரையைப் போன்றவற்றைத் தேடி எடுத்து, பரிசீலனையில் தேறிய கட்டுரை எப்படி இருக்கும் என்று பார்த்துக் கொள்ளலாம். பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் இருப்பதாகப் போட்டிருக்கும் பேராசிரியர் ஒருவருக்கு, "உண்மையிலேயே நீங்கள் இதில் இருக்கிறீர்களா?" என்று ஒரு வரி எழுதிக் கேட்கலாம். தம் பெயரைக் கேட்காமலேயே போட்டு விட்டார்கள் என்று பதில் வந்த சம்பவங்கள் உண்டு.

அந்தத் தாயிடம் ஒரு நாள் மகள் சொல்லக் கூடும்: "கட்டுரை திரும்பி வந்திருச்சும்மா. ரெண்டு பக்கம் குத்தம் எழுதியிருக்காங்க. திருத்தி அனுப்பச் சொல்றாங்க." தாய்க்கு முகம் வாடிப் போகும். மகள் முகத்தில் வாட்டம் இராது. யாரோ ஒருவர், எங்கோ உட்கார்ந்து, அவள் எழுதியதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்திருக்கிறார்.